வடகடலில் வேரூன்றிய பசிபிக் ஆளிச்சிப்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டென்மார்க்கின் மேற்குக் கரையில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒருநாள் ஃபானோ தீவுக்குக் கூட்டிப்போவது வழக்கம். எஸ்பியர்க் துறையில் படகு ஏறினால் கால் மணி நேரத்துக்குள் தீவு. நீர் வற்றியதும் சேற்றுவெளியில் கறுப்பும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாகச் சிப்பிகள் தெரியும். பார்த்தவுடன் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது எந்தச் சிப்பி?

தமிழில் 'சிப்பி' என்ற சொல்லுக்கு ஊருக்கு ஒரு பொருள். கன்னியாகுமரிப் பக்கம் சிப்பி என்று விற்பது கல்லுமேக்காயை (ஆங்கிலத்தில் மஸல்). இங்கே நாம் பேசுவது ஆளியைப் (ஆங்கிலத்தில் ஆய்ஸ்டர்) பற்றி. கழிமுகங்களில் பாறையிலும் பாலத் தூணிலும் ஒரு பக்க ஓட்டைச் சிமெண்ட் வைத்துப் பூசியதுபோல ஒட்டிக்கொண்டு கிடக்குமே, அந்த வகை. அதில் பசிபிக் ஆளி என்பது ஜப்பான், கொரியா, சீனக் கரைகளுக்குச் சொந்தமான இனம். கிராசோஸ்ட்ரியா கைகாஸ் என்பது அதன் பழைய அறிவியல் பெயர். இப்போது மகல்லானா கைகாஸ் என்றும் எழுதுகிறார்கள். உலகத்தில் அதிகம் வளர்த்து உண்ணப்படும் ஆளிகளில் இதுவும் ஒன்று.

அது எந்தக் கடலில் பரவியிருக்கிறது?

பல கண்டங்களில். ஆனால் நான் பார்த்துப் பழகியது வாடன் கடலை. நெதர்லாந்தில் தொடங்கி, ஜெர்மனி வழியாக, டென்மார்க் வரை நீளும், வடகடலின் ஆழமற்ற கரையோரப் பகுதி அது. ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். வற்றும்போது கிலோமீட்டர் கணக்கில் சேறும் மணலும் வெளியே வந்துவிடும். லட்சக்கணக்கான வலசைப் பறவைகள் அந்தச் சேற்றை நம்பித்தான் வந்து போகின்றன. யுனெஸ்கோ 2009இல் இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. டென்மார்க்கின் பகுதி 2014இல் சேர்ந்தது.

அங்கே முன்பு ஆளியே கிடையாதா?

இருந்தது. தட்டை ஆளி என்று ஐரோப்பாவுக்கே உரிய ஓர் இனம். உருண்டையாக, தட்டையாக இருக்கும். டென்மார்க் மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1587இல் அந்த ஆளிகளை எடுக்கும் உரிமையை அரசுக்கே என்று வைத்துக்கொண்டார். அவ்வளவு மதிப்பு. 19ஆம் நூற்றாண்டில் அள்ளி அள்ளி எடுத்ததில் படுகைகள் இளைத்தன. ஏன் இளைக்கின்றன என்று ஆராயப் போனவர்தான் ஜெர்மன் விலங்கியலாளர் கார்ல் மோபியஸ். ஆளியை மட்டும் தனியாக எண்ணிப் பார்த்துப் பயனில்லை, அதோடு சேர்ந்து வாழும் எல்லா உயிர்களும் ஒன்றையொன்று தாங்கும் ஒரே குடும்பம் என்று அவர் 1877இல் எழுதினார். 'உயிர்க் கூட்டம்' என்ற கருத்துக்கு அறிவியலில் பெயர் கிடைத்ததே அந்த ஆளிப் படுகையில்தான். கருத்து நிலைத்தது, ஆளி நிலைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வாடன் கடலில் தட்டை ஆளி இல்லாமல் போய்விட்டது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வந்தேறி ஆளி வந்துதான் உள்ளூர் ஆளியை விரட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. இடத்தைக் காலி செய்தது மனிதர்கள்.

அப்படியானால் பசிபிக் ஆளியைக் கொண்டுவந்தது யார்?

நெதர்லாந்தின் தென்மேற்கே சீலாந்து மாகாணத்தில் ஓஸ்டர்ஸ்கெல்டே என்ற கழிமுகம் இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக ஆளி வளர்த்துப் பிழைத்த ஊர்கள் உண்டு. 1962-63 குளிர்காலம் ஐரோப்பாவையே உறைய வைத்தது. தட்டை ஆளிகளில் பெரும்பகுதி ஒரே பருவத்தில் செத்துப்போயிற்று.

அதற்கும் முன்னால் இன்னொரு இடி விழுந்திருந்தது. 1953இல் கடல் உள்ளே புகுந்து நெதர்லாந்தில் 1,800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனால் கழிமுகங்களையெல்லாம் அணை போட்டு அடைப்பது என்று அரசு முடிவெடுத்திருந்தது. ஓஸ்டர்ஸ்கெல்டேயும் அந்தப் பட்டியலில் இருந்தது. எப்படியும் மூடப்போகிற கழிமுகம், அதுவரையில் வயிற்றுப்பாட்டுக்கு ஏதாவது வேண்டும் என்பதுதான் வளர்ப்பவர்களின் நிலை. 1964இல் பசிபிக் ஆளிக் குஞ்சுகளை இறக்கினார்கள்.

இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழில் செத்துக்கொண்டிருக்கும்போது கைக்கு எட்டியதைப் பிடிப்பது மனித இயல்பு. ஆனால் கணக்கு இரண்டு இடத்தில் தப்பியது. முதலாவது, ஓஸ்டர்ஸ்கெல்டே மூடப்படவே இல்லை. மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் போராடியதில் திட்டம் மாறியது. புயல் வரும்போது மட்டும் அடைக்கிற மதகுத் தடுப்பு கட்டி 1986இல் திறந்தார்கள். கழிமுகம் கடலோடு சேர்ந்தே இருந்தது. இரண்டாவது தப்பு, அடுத்த கேள்வி.

குளிர்ந்த நீரில் இனப்பெருக்கம் ஆகாது என்று சொன்னார்களாமே?

ஆமாம். அன்றைக்கு அது நியாயமான கணிப்பாகத்தான் தெரிந்தது. பசிபிக் ஆளி முட்டையிட நீர் ஏறக்குறைய 18 முதல் 20 டிகிரி வரை சூடாக வேண்டும். வடகடலின் கோடைக்கு அவ்வளவு சூடு கிடையாது, வளரும், ஆனால் பெருகாது என்றார்கள்.

1975இலும் 1976இலும் அடுத்தடுத்து இரண்டு வெப்பமான கோடைகள் வந்தன. ஓஸ்டர்ஸ்கெல்டே முழுக்கக் குஞ்சுகள் கொட்டிக் கிடந்தன. 1983இல் வடக்கே டெக்செல் தீவுக்கு அருகில் காட்டு ஆளிகள் தென்பட்டன. ஜெர்மனியின் சில்ட் தீவில் 1986இல் ஒரு பண்ணை தொடங்கியது. ஐந்தே ஆண்டில், 1991இல், பண்ணைக்கு வெளியே கல்லுமேக்காய்ப் படுகையில் முதல் ஆளி கிடைத்தது. அப்புறம் பத்து ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அங்கொன்று இங்கொன்று, அவ்வளவுதான். 2000க்குப் பிறகு கோடைகள் தொடர்ந்து சூடாக இருந்தபோது திடீரென்று பெருகியது. 2007 வாக்கில் சில திட்டுகளில் ஒரு சதுர மீட்டரில் ஆயிரத்துக்கும் மேல் எண்ணினார்கள்.

அந்தப் பத்து ஆண்டு அமைதியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. அந்த நேரத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் 'ஒன்றும் ஆகவில்லையே' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஓரிடத்தில் ஒட்டிக்கிடக்கும் உயிர் எப்படி இவ்வளவு தூரம் போகிறது?

பெரிய ஆளிதான் ஒட்டிக்கிடக்கும். குஞ்சு நீந்தும். ஒரு பெண் ஆளி ஒரே பருவத்தில் 5 கோடி முதல் 10 கோடி முட்டைகள் வரை நீரில் விடும். முட்டையும் விந்தும் கடலிலேயே கலந்து, கண்ணுக்குத் தெரியாத இளம் உயிராகி, இரண்டு முதல் நான்கு வாரம் நீரோட்டத்தோடு மிதக்கும். அந்த நேரத்தில் அது போகும் தூரத்தை எந்த வேலியும் தடுக்காது. தட்டை ஆளி அப்படியல்ல. தன் குஞ்சுகளைச் சில நாள் ஓட்டுக்குள்ளேயே வைத்துப் பாதுகாத்துப் பிறகுதான் வெளியே விடும். எண்ணிக்கையும் மிகக் குறைவு.

மிதந்து முடிந்ததும் உட்கார ஒரு கெட்டியான இடம் தேடும். கல், தூண், கல்லுமேக்காய் ஓடு எதுவானாலும் சரி. எல்லாவற்றையும்விட அதற்குப் பிடித்தது இன்னொரு ஆளியின் ஓடு. அதனால்தான் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறித் திட்டாகிறது. முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாக மாறவும் இதனால் முடியும். உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். நீர் வற்றி வெயிலில் கிடந்தாலும் ஓட்டை இறுக மூடிக்கொண்டு பிழைத்துக்கொள்ளும்.

நேரில் எப்படி இருக்கும்?

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடாமல் போகவே கூடாது. ஓட்டின் விளிம்பு உடைந்த பாட்டில் மாதிரி. என்னோடு வந்த ஒரு பையன் துணிச் சப்பாத்தோடு ஓடிப்போய், அடிப்பாகம் கிழிந்து, பாதத்தில் இரத்தத்தோடு திரும்பினான். முன்பெல்லாம் வெறுங்காலில் நடந்த சேற்றுவெளி இது என்று ஊர்க் கிழவர்கள் சொல்வார்கள்.

ஒருமுறை இரண்டு கையாலும் ஒரு கட்டியைப் பெயர்த்துத் தூக்கிப் பார்த்தேன். ஏழு ஆளிகள் நிமிர்ந்து நின்றபடி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நடுவில் செத்த ஓடு ஒன்று. உள்பக்கம் வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் மட்டும் ஊதா. அதன் மேல்தான் மற்ற ஆறும் உட்கார்ந்திருந்தன. இடுக்குகளில் விரல்நகம் அளவுள்ள கல்லுமேக்காய்கள் நூல் விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தன. கட்டியைச் சாய்த்ததும் சேற்றுநீர் வழிந்தது, கூடவே ஒரு பச்சை நண்டுக் குஞ்சு விழுந்து ஓடியது. கையுறை போட்டிருந்தும் உள்ளங்கையில் கோடு விழுந்தது.

உள்ளூர்க் கல்லுமேக்காய் அழிந்துவிட்டதா?

இந்தக் கேள்விக்கான பதில்தான் எனக்கே வியப்பு. 2000களின் தொடக்கத்தில் கல்லுமேக்காய்ப் படுகைகள் ஒவ்வொன்றாக ஆளித் திட்டாக மாறியபோது, கல்லுமேக்காயின் கதை முடிந்தது என்று பலரும் அஞ்சினார்கள். முடியவில்லை. அது மேல்மாடியை விட்டுவிட்டுக் கீழ்வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

ஆளிகளின் இடுக்கில், அடியில், கல்லுமேக்காய் வாழ்கிறது. அங்கே நண்டும் பறவையும் எளிதில் எட்ட முடியாது. முதுகில் கொட்டலசுகள் என்ற சிறு ஓட்டுயிர்கள் வந்து ஒட்டுவதும் குறைவு. ஒட்டுண்ணிகளின் குஞ்சுகளை ஆளி நீரோடு உறிஞ்சி எடுத்துவிடுவதால் அந்தத் தொல்லையும் கொஞ்சம் குறைகிறது. பதிலுக்கு உணவு குறைவாகக் கிடைக்கிறது. மேலே இருக்கும் ஆளி முதலில் வடித்துக் குடித்த நீர்தான் கீழே வருகிறது. ஆகவே கல்லுமேக்காய் மெதுவாக வளர்கிறது, மெலிந்தும் இருக்கிறது. ஆனாலும் பிழைத்திருக்கிறது. இரண்டும் கலந்த இந்தப் படுகைகளுக்கு ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பெயரையும் ஒட்டி ஒரு கலப்புப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இதனால் 'ஒரு கெடுதலும் இல்லை' என்று எழுதுபவர்களோடு நான் உடன்படவில்லை. உயிர் பிழைத்திருப்பது வேறு, பழைய படுகை இருப்பது வேறு. வெறும் கையால் கல்லுமேக்காய் எடுத்த இடத்தில் இன்று கடப்பாரை வேண்டும்.

பறவைகளுக்கு?

சிப்பிபிடிப்பான் என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அந்தச் சிவப்பு அலகுப் பறவை இங்கே பெரும்பாலும் தின்பது கல்லுமேக்காயையும் மட்டியையும்தான். பெரிய ஆளியைத் திறப்பது அதற்குப் பெரும்பாடு. ஈடர் வாத்து ஓட்டோடு விழுங்கும் பழக்கமுள்ளது. கல்லுமேக்காயை அப்படி விழுங்கலாம், பசிபிக் ஆளியை முடியாது. கடற்காகங்கள் மட்டும் ஆளியைத் தூக்கிப்போய்க் கெட்டித்தரையில் போட்டு உடைக்கின்றன.

ஆளியோடு வேறு என்னென்ன வந்தன?

ஆளி தனியாகப் பயணம் செய்வதே இல்லை. அதன் ஓடு ஒரு சிறு கடற்பரப்பு. ஜப்பானியக் கடற்பாசி ஒன்று, சர்காசம் இனம், ஆளியோடு ஐரோப்பாவுக்கு வந்து இன்று பல கரைகளில் காடாகிக் கிடக்கிறது. ஆளியின் ஓட்டில் துளைபோட்டுத் தின்னும் ஜப்பானிய நத்தை ஒன்று அமெரிக்க மேற்குக் கரைக்கும் பிரான்சுக்கும் போய்விட்டது. புழு மாதிரி இருக்கும் குடல் ஒட்டுண்ணி ஒன்று (இறால், நண்டு வகைக்கு உறவு) ஆளியிலிருந்து வாடன் கடலின் கல்லுமேக்காய்க்குத் தாவியிருக்கிறது.

நோய்களும் உண்டு. 2008இல் பிரான்சில் ஹெர்பிஸ் வகை வைரஸின் புதிய வடிவம் பசிபிக் ஆளிக் குஞ்சுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. 2010இல் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும், 2016இல் டாஸ்மேனியாவிலும் அதே நோய்.

பெயர்த்து எறிந்துவிட முடியாதா?

சிறிய இடத்தில் முடியும். இங்கிலாந்தின் கென்ட் கரையில் தானெட் பகுதியில் தன்னார்வலர்கள் நீர் வற்றும் நேரத்தில் சுத்தியலோடு போய் ஒவ்வொன்றாக உடைக்கிறார்கள். அந்த இடத்தில் எண்ணிக்கை குறையவும் செய்கிறது. ஆனால் அடுத்த கோடையில் வேறெங்கிருந்தோ குஞ்சு மிதந்து வரும். எனவே நிறுத்தாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். வாடன் கடல் முழுவதும் அது நடக்கிற காரியமில்லை. இயந்திரம் வைத்து வாரினால் அடியில் இருக்கும் கல்லுமேக்காயும் சேர்ந்தே போகும்.

குளிரும் முயன்று பார்த்தது. 2009-10 குளிர்காலத்தில் வாடன் கடலின் வடபகுதியில் ஆளிகள் பெருமளவு செத்தன. சில ஆண்டுகளில் மீண்டும் நிரம்பிவிட்டது. செத்த ஓடுகளே புதுக் குஞ்சுகளுக்குத் திண்ணையாகிவிட்டன.

தின்றே தீர்த்துவிடலாமே?

2017 ஏப்ரலில் பெய்ஜிங்கில் உள்ள டென்மார்க் தூதரகம், எங்கள் கரையில் ஆளி பெருகித் தொல்லை தருகிறது என்று வெய்போ என்ற சீனச் சமூக வலைத்தளத்தில் எழுதியது. ஆயிரக்கணக்கான சீனர்கள் நாங்கள் வந்து தின்று தீர்க்கிறோம் என்று பதில் போட்டார்கள். அதற்குப் பிறகு இந்தக் கேள்வி ஓய்ந்ததே இல்லை.

தின்னலாம், நன்றாகவும் இருக்கும். ஃபானோவில் வழிகாட்டியோடு ஆளி பொறுக்கப் போகும் நடைப்பயணங்கள் நடக்கின்றன. நான் போன முறை எலுமிச்சை பிழிந்து பச்சையாகத் தின்றவர்கள் ஒரு பக்கம், மிளகுத்தூளும் வெண்ணெயும் போட்டு நெருப்பில் சுட்டுத் தின்ற நாங்கள் ஒரு பக்கம். ஆனால் ஒரு தீவுக்கூட்டமே சேர்ந்து தின்றாலும் தீராது. காட்டு ஆளி நெருக்கடியில் வளர்வதால் நீளமாக, கோணலாக, நாலைந்து ஒட்டிக்கொண்டு இருக்கும். கடைக்குப் போவது தனித்தனியாக, கிண்ணம் போலக் குழிந்த ஆளி. பிரித்து எடுக்கும் கூலிக்கே விலை கட்டாது.

இன்னொன்று, கவனமாகக் கேளுங்கள். ஆளி நீரில் இருப்பதையெல்லாம் வடித்துச் சேர்த்து வைக்கும். கழிவுநீர் கலக்கும் இடமென்றால் நோரோவைரஸ், வெந்நீர்க் காலமென்றால் விப்ரியோ கிருமி. நன்றாகச் சமைத்தால் இவை போகும். நச்சுப்பாசி பெருகிய நேரத்தில் எடுத்த ஆளியின் நஞ்சோ சமைத்தாலும் போகாது. உணவுத் துறையின் எச்சரிக்கையைப் பார்க்காமல் ஒரு ஆளிகூட எடுக்காதீர்கள். கர்ப்பிணிகளும் கல்லீரல் நோயுள்ளவர்களும் பச்சையாகத் தின்னவே வேண்டாம்.

நன்மை எதுவுமே இல்லையா?

இருக்கிறது. திட்டு அலையை உடைக்கிறது, சேறு அரித்துப் போகாமல் பிடிக்கிறது. ஓஸ்டர்ஸ்கெல்டேயில் ஆளி ஓடு நிரப்பிய கம்பிக் கூண்டுகளைச் சேற்றுவெளியில் அடுக்கி, அதன் மேல் உயிருள்ள ஆளி வளரவிட்டு, அரிப்பைத் தடுக்கப் பார்க்கிறார்கள்.

மற்ற நாடுகளில்?

பிரான்சின் கதை விசித்திரமானது. 1868இல் மோர்லேசியன் என்ற கப்பல் போர்ச்சுகீசிய ஆளிகளை ஏற்றிக்கொண்டு வரும்போது புயலுக்கு ஒதுங்கி ஜிரோந்து கழிமுகத்தில் நின்றது. சரக்கு கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடலில் கொட்டினார்கள். கெட்டிருக்கவில்லை. நூறு ஆண்டுகள் அந்த ஆளிதான் பிரான்சுக்குச் சோறு போட்டது. அதுவும் மூலத்தில் ஆசியக் கரையிலிருந்து போர்ச்சுகலுக்கு வந்ததுதான் என்று மரபணு ஆய்வுகள் பிறகு காட்டின. 1970 வாக்கில் நோய் வந்து அது அழிந்தபோது பசிபிக் ஆளியை இறக்கினார்கள்.

ஆஸ்திரேலியாவில் அரசு ஆராய்ச்சி நிறுவனமே 1947 முதல் டாஸ்மேனியாவுக்குக் கொண்டுவந்தது. இன்னொரு மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் அதைப் பிறகு தொல்லை உயிராக அறிவித்தது, தன் சிட்னிப் பாறை ஆளியைக் காக்க.

வேண்டாம் என்று சொன்ன இடமும் உண்டு. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் உள்ளூர் ஆளி அள்ளியதாலும் நோயாலும் நலிந்தபோது, ஆசியாவின் சுமினோ ஆளியை இறக்கலாமா என்று மேரிலாண்டும் வர்ஜீனியாவும் பல ஆண்டுகள் ஆராய்ந்தன. 2009இல் உள்ளூர் ஆளியையே மீட்பது என்று முடிவு செய்தார்கள். மெதுவான வழி, செலவான வழி. ஆனாலும் எனக்கு மிகவும் மதிப்பு அந்த முடிவின் மேல்தான். முடிவை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அங்கே இன்னும் கையில் இருக்கிறது.

நம் கரையில் இந்தத் தொல்லை உண்டா?

பசிபிக் ஆளி அல்ல, அதன் தூரத்து உறவு. எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்வது தென், மத்திய அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு கல்லுமேக்காய் இனத்தை. மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்பது அறிவியல் பெயர். சிங்கப்பூரிலும் பிலிப்பைன்ஸிலும் பரவி, கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் எண்ணூரிலும் வந்து சேர்ந்துவிட்டது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நீரிலோ, அடிப்பாகத்தில் ஒட்டியோ வந்திருக்கும் என்பதுதான் பொதுவான கருத்து.

இது நூல் விட்டுச் சேற்றையே பாய் மாதிரிப் பின்னிவிடுகிறது. இறால் பதுங்கச் சேறு இல்லை. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு விரலில் தட்டுப்படுவது ஓடுதான். மட்டியும் குறைந்துவிட்டது. மீனவர்களின் புகார் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. கல்லுமேக்காய்ப் படுகையின் மேல் ஆளி ஏறியதைப் பார்த்த எனக்கு, அவர்கள் சொல்வதில் ஒரு சொல்கூட மிகையாகப் படவில்லை.

தனிமனிதராக நான் என்ன செய்யலாம்?

உயிருள்ள சிப்பியை ஓரிடத்தில் வாங்கி இன்னொரு நீரில் விடாதீர்கள், பாவம் என்று நினைத்தும் விடாதீர்கள். தின்ற ஆளியின் ஓட்டை வேறொரு கடற்கரையில் எறிய வேண்டாம், குப்பையில் போடுங்கள். ஈர ஓட்டின் சுருக்கங்களில் என்னென்ன உயிரோடு இருக்கும் என்று சொல்ல முடியாது. படகை ஒரு கழியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போகுமுன் அடிப்பாகத்தைச் சுரண்டி நன்றாக உலரவிடுங்கள், வலையையும் கயிறையும்தான். இதுவரை பார்த்திராத ஓடு வலையில் வந்தால் இரண்டு பக்கமும் படமெடுத்து, இடமும் தேதியும் குறித்து, பக்கத்து மீன்வளத் துறை அலுவலகத்திலோ கடல்சார் ஆராய்ச்சி மையத்திலோ காட்டுங்கள். சில்ட்டில் 1991இல் கிடைத்ததும் ஒரே ஒரு ஆளிதான்.